சென்னையைத் தனியாகச் சுற்றலாமா? ஊரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சங்கரன்கோவில், தென்காசி, ராஜபாளையம் பக்கமிருந்து பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ சென்னைக்கு வருகிறவர்களில் பலர், வந்த வேலை முடிந்ததும் அடுத்த ரயிலுக்கு ஓடிவிடுகிறார்கள். கையில் இரண்டு நாள் இருந்தாலும் "தனியா எங்க போறது?" என்று லாட்ஜ் அறைக்குள்ளேயே டிவி பார்த்துக் கழிப்பவர்களும் உண்டு. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். சென்னையில் தனியாக நடந்து நடந்து பழகியவள். சொந்தக்காரப் பிள்ளைகளும் தோழிகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் பெண்களுக்கானவை. மற்றவை எல்லோருக்கும்.

தனியாகப் போனால் எல்லோரும் நம்மையே பார்ப்பார்களோ?

பார்க்க மாட்டார்கள். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் சும்மா நின்றால் போதும், "நீ இன்னார் மகதானே? இங்க என்ன நிக்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதில் பாசமும் இருக்கிறது, காவலும் இருக்கிறது. சென்னையில் அந்த இரண்டுமே இல்லை. கோயில் குளத்தங்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முதல் நாள் இது பயமாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இதுதான் பிடித்துப் போகும். ஒரு தெருவுக்குள் நுழைந்து, பிடிக்காவிட்டால் திரும்பி வந்து, பிடித்தால் மறுபடியும் ஒரு சுற்றுச் சுற்றி, யாருக்கும் காரணம் சொல்லாமல் நடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் முழுத் திட்டத்தோடு சொல்லுங்கள். "சென்னையைச் சுற்றப் போறேன்" என்றால் அம்மாவுக்குப் பதறும். "காலையில மியூசியம், மத்தியானம் சாப்பிட்டுட்டு ரூம், சாயங்காலம் கபாலீஸ்வரர் கோயில், எட்டு மணிக்குள்ள ரூமுக்கு வந்து போன் பண்றேன்" என்றால் பாதி பயம் போய்விடும். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பிவிடுங்கள். சொன்ன நேரத்தில் போன் செய்வது முக்கியம். ஒரு தடவை அது சரியாக நடந்துவிட்டால் அடுத்த தடவை கேட்கும்போது வீட்டில் தடை பெரிதாக இருக்காது.

எந்த மாதம் நல்லது?

ஜனவரியும் பிப்ரவரியும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் கண்காட்சி நடப்பதும் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டித்தான். டிசம்பரில் வந்தால் மார்கழிக் கச்சேரி உண்டு. பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது, நேரே போய் உட்காரலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பகலில் நடக்கவே முடியாது. அக்டோபர், நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்று எல்லாத் திட்டமும் கெட்டுவிடும்.

எங்கே இறங்குவது?

ரயிலில் வந்தால் டிக்கெட்டில் கடைசி ஸ்டேஷன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து வரும் வண்டிகளில் சில எழும்பூர் வரை போகும், சில தாம்பரத்தோடு நின்றுவிடும். தாம்பரத்தில் இறங்கினாலும் பிரச்சினை இல்லை, அங்கிருந்து கடற்கரை ஸ்டேஷன் போகும் எலக்ட்ரிக் ட்ரெயின் அடிக்கடி உண்டு. தெற்கிலிருந்து வரும் பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடுகின்றன. பழைய நினைப்பில் கோயம்பேடு என்று எண்ணி வராதீர்கள். கிளாம்பாக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கே எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுவது எளிது.

தங்க இடம்?

எழும்பூர் ஸ்டேஷனைச் சுற்றியே நிறைய லாட்ஜுகள் இருக்கின்றன. ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இன்னும் மலிவு. தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் தரத் தயங்கும் லாட்ஜுகள் இருக்கின்றன, அது உண்மை. அதனால் முன்கூட்டியே போன் செய்து, "ஒரே ஆள், லேடீஸ், ஆதார் இருக்கு, தருவீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ராத்திரி பெட்டியோடு வாசலில் நின்று பேசுவதைவிட இது எவ்வளவோ மேல். ரயில் டிக்கெட் உறுதியாகி இருந்தால் ஸ்டேஷன் ஓய்வறையை ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். ஒய்டபிள்யூசிஏ விடுதியும் பெண்கள் நம்பித் தங்கும் இடம். காசு கொஞ்சம் கூடினாலும் முதல் தடவை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தங்குவதே என் யோசனை.

முதல் நாள் எங்கே போகலாம்?

ஒரே ஒரு பேட்டை. அதற்கு மேல் வேண்டாம். மெரினா, கோட்டை, மயிலாப்பூர், தி.நகர், பெசன்ட் நகர் என்று ஒரே நாளில் அடுக்கினால் பஸ்ஸும் ஆட்டோவும்தான் நினைவில் நிற்கும். ஒரு பேட்டையைக் கால்நடையாகத் தெரிந்துகொண்டால், அந்த நகரத்தில் நமக்கென்று ஓர் இடம் வந்துவிடுகிறது. அப்புறம் மற்ற இடங்களுக்குப் போகும் தைரியம் தானாக வரும்.

நான் எல்லோருக்கும் சொல்வது மயிலாப்பூர். நம் ஊர்க் கோயில் தெருக்களின் அமைப்புத்தான், அதனால் கால் தானாக வழி கண்டுபிடிக்கும். நடுவில் கபாலீஸ்வரர் கோயில், மேற்கே குளம், சுற்றி நான்கு மாட வீதிகள். காலை ஆறரைக்குப் போங்கள். தெற்கு மாட வீதியில் காய்கறிக்காரர்கள் கடை விரித்துக்கொண்டிருப்பார்கள். பூக்கட்டும் அம்மாக்கள் நாரை விரலில் சுற்றிக்கொண்டே, நம்மைப் பார்க்காமலே "எத்தனை முழம்மா?" என்பார்கள். மாட வீதிகளில் ஒரு சுற்று முடித்து டிபன் சாப்பிட்டுவிட்டுக் கச்சேரி ரோட்டில் கிழக்கே நடந்தால் சாந்தோம் பேராலயம் வரும். இப்போதிருக்கும் கட்டடம் 1896-இல் கட்டி முடித்தது. உள்ளே புனித தோமாவின் கல்லறை என்று வணங்கப்படும் இடம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் கலங்கரை விளக்கம், அதற்கப்புறம் மெரினா. கோயில், மாதா கோயில், கடல் மூன்றும் ஒரே காலை நடையில் முடிந்துவிடும். ஒன்று மட்டும்: கோயில் மதியம் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள், அதனால் கோயிலை முதலில் பாருங்கள். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக வழிகளை மாற்றியிருந்தால் பக்கத்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மியூசியம் போரடிக்காதா?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைக் கேட்கிறீர்கள் என்றால், அதற்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம் என்பேன். 1851-இல் தொடங்கியது. மற்ற கூடங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று இல்லை. வெண்கலச் சிலைக் கூடத்துக்கு நேரே போங்கள். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே இருக்கிறார்கள். கோயிலில் என்றால் பட்டும் மாலையும் சாத்தி, முகம் மட்டும் தெரியும். கூட்டம் பின்னாலிருந்து தள்ளும். இங்கே அலங்காரம் எதுவும் இல்லை. இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது, தூக்கிய காலின் பாரம் எங்கே இறங்குகிறது, அர்த்தநாரியின் உடம்பில் ஆண் பாதி எங்கே முடிந்து பெண் பாதி எங்கே தொடங்குகிறது என்று நின்று நிதானமாகப் பார்க்கலாம். துணைக்கு ஆள் இருந்தால் "வா போலாம், பசிக்குது" என்று இழுத்துவிடுவார்கள். தனியாக வந்ததன் பலன் இங்கே முழுசாகக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம்.

பஸ்ஸா, மெட்ரோவா, எலக்ட்ரிக் ட்ரெயினா?

பயம் போகிறவரை மெட்ரோ. ஸ்டேஷன் பெயர் தமிழில் எழுதியிருக்கும், அறிவிப்பும் தமிழில் வரும், பேரம் கிடையாது, ஏசி. டிக்கெட் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்க்குள். எழும்பூரிலிருந்து விமான நிலையம் பக்கம் போக வேண்டுமானால் சென்ட்ரலிலோ ஆலந்தூரிலோ மாறிக்கொள்ளலாம்.

எலக்ட்ரிக் ட்ரெயின் இன்னும் மலிவு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடுகிறது. காலை எட்டு முதல் பத்தரை வரையும் மாலை ஐந்து முதல் எட்டு வரையும் ஏறாமல் இருப்பது நல்லது. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, நடைமேடையில் அது எங்கே நிற்கும் என்று அங்கிருக்கும் பெண்களைக் கேட்டால் காட்டுவார்கள். பறக்கும் ரயில் என்று சொல்வது கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வழியாக வேளச்சேரி போவது. மேலேயிருந்து ஊரைப் பார்க்க அழகு. ஆனால் அதன் ஸ்டேஷன்கள் சில பெரிசாக, ஆளில்லாமல் கிடக்கும். இருட்டிய பிறகு தனியாக அங்கே இறங்க வேண்டாம்.

ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்தான். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாதிச் சென்னையைப் பார்த்த மாதிரி. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் இலவசம். கண்டக்டரிடம் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கண்டக்டர் நம்மைத் தேடி வருவார். இங்கே பல பஸ்களில் அவர் தன் சீட்டில் உட்கார்ந்தபடியே இருப்பார். காசைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து "ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க" என்றால் கைமாறிக் கைமாறிக் கண்டக்டரிடம் போய், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஒரு ரூபாய் குறையாது. முகம் தெரியாத ஐந்தாறு பேர் கை நீட்டி அதை வாங்கிக் கொடுப்பதைப் பார்த்தால் இந்த ஊர் மேல் ஒரு நம்பிக்கை வரும்.

வழி தவறிவிட்டால்?

முதலில் ஒரு கடை வாசலில் ஓரமாக நில்லுங்கள். ரோட்டு ஓரத்தில் போனைக் கையில் நீட்டிப் பிடித்து மேப் பார்க்காதீர்கள், பைக்கில் வந்து பறித்துப் போவது நடக்கிறது. அப்புறம் கடைக்காரரையோ டிராபிக் போலீஸையோ கேளுங்கள்.

மேப்பில் இருக்கும் பெயரும் ஜனங்கள் சொல்லும் பெயரும் வேறு வேறாக இருக்கும். அண்ணா சாலை என்றால் புரியும், ஆனால் பதில் "மவுண்ட் ரோடு" என்றுதான் வரும். அண்ணா மேம்பாலம் அவர்களுக்கு ஜெமினி. பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை பூந்தமல்லி ஹைரோடு. காமராஜர் சாலை பீச் ரோடு. இந்த நாலைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். போனில் சார்ஜ் தீர்ந்துபோகும் என்பதால் தங்கும் இடத்தின் முகவரியையும் வீட்டு நம்பரையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

பாரிமுனைக்குத் தனியாகப் போகலாமா? ரொம்பக் கூட்டம் என்கிறார்களே?

கூட்டம்தான், பழைய மொத்த வியாபாரப் பகுதி அது. ஆனால் போகாமல் திரும்பாதீர்கள். சென்னை எப்படிப் பிழைக்கிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலை பத்தரை, பதினொன்றுக்குப் போங்கள். உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களை அடையாளமாக வைத்துக்கொண்டால் திசை தவறாது.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். நம் ஊரில் அண்ணன் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையின் அட்டை இந்தத் தெருவிலிருந்து போனதாகக்கூட இருக்கலாம். ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள். திப்பிலியும் வசம்பும் சாக்கு வாய் திறந்து கிடக்கும், தெருவுக்கே ஒரு வாசனை. அங்கேதான் வள்ளலார் பாடிய கந்தகோட்டம். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் கோயிலுக்குள் ஒரு குளம் இருக்கிறது, போய்ப் படியில் உட்காருங்கள். சௌகார்பேட்டைத் தங்கசாலையில் ஜிலேபியும் கச்சோரியும். பர்மா பஜார் பக்கம் போனால் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்த நூடுல்ஸ் சாப்பாடு அது. வாழைத்தண்டு சூப்போடு கொடுப்பார்கள்.

நடக்கும்போது ஒரு காது பின்னாலேயே இருக்கட்டும். மூட்டை ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளும் தலைச்சுமைக்காரர்களும் "ஓரம், ஓரம்!" என்று வருவார்கள். அவர்களால் நிறுத்த முடியாது, நாம்தான் ஒதுங்க வேண்டும். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கொண்டு போகும் பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களா?

"நீங்க திருநெல்வேலிப் பக்கமா?" என்று கேட்பார்கள். அது கேலி இல்லை. அடுத்த வாக்கியமே பெரும்பாலும் "எங்க மாமியார் ஊரு அம்பை" என்று இருக்கும். இந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளே நம் பக்கத்தவர்கள்தான். பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டாம். சென்னைக்காரர்கள் "இன்னா", "அப்பால" என்று படபடவென்று பேசும்போது நமக்குச் சண்டை மாதிரி கேட்கும். வழி கேட்டுப் பாருங்கள், அதே குரலில் பஸ் நம்பரும் சொல்லி, ஏறுகிறவரை நின்று பார்த்துக்கொள்வார்கள். அண்ணா, அக்கா, அம்மா என்று கூப்பிட்டுக் கேட்டால் யாரும் முகம் திருப்ப மாட்டார்கள்.

ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

பெண்கள் நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள். முதல் வேளையைக் காலை டிபனில் தொடங்குங்கள், அந்த நேரத்தில் ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் தனித்தனியாகத்தான் சாப்பிடுவார்கள். கூட்டம் சேர்ந்தால் அதே மேஜையில் வேறு யாராவது வந்து உட்காருவார்கள்; இங்கே அது சகஜம், எழுந்துவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் போனால் கூட்டம் இல்லை. திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள், ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டும். கையில் காசு குறைவென்றால் அம்மா உணவகம்: 2013-இல் தொடங்கும்போதே இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அங்கே சாப்பிடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாத்ரூம்?

இதைக் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே சுற்றி மயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மெட்ரோ ஸ்டேஷன்களில் இருக்கிறது. மியூசியம், பெரிய ஜவுளிக்கடை, மால், கொஞ்சம் பெரிய ஹோட்டல் எல்லாவற்றிலும் இருக்கிறது. கடற்கரைக்கும் பாரிமுனைக்கும் போவதற்கு முன்பு போய்விட்டுப் போங்கள்.

ஆட்டோவில் ஏமாற்றுவார்களா?

மீட்டர் போட மாட்டார்கள். அரசு 2013-இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்த விலைக்கு இன்று யாரும் வருவதில்லை. செயலியில் பதிவு செய்யுங்கள், அல்லது செயலி காட்டும் விலையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். ஸ்டேஷன் வாசலில் கையைப் பிடிக்காத குறையாக அழைப்பவர்களைத் தாண்டி நூறடி நடந்தாலே விலை இறங்கிவிடும். "நல்ல லாட்ஜ் காட்டறேன்" என்பவரோடு போகாதீர்கள்.

ராத்திரி எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம்?

மயிலாப்பூர், பெசன்ட் நகர், தி.நகர் போன்ற இடங்களில் ஒன்பது மணிக்கும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இருப்பார்கள். கடை திறந்து, வெளிச்சம் இருந்து, பெண்களும் நடமாடும் தெரு என்றால் பயமில்லை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். முதல் தடவை எட்டு, எட்டரை போதும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, ரயிலில் 139. யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால், சந்தேகம்தானே என்று சும்மா இருக்காமல் பக்கத்து மருந்துக் கடைக்குள் போய்ச் சொல்லுங்கள்.

மெரினாவில் குளிக்கலாமா?

கூடாது. கரை சட்டென்று இறங்கும், இழுப்பு அதிகம். தாமிரபரணியில் நீந்தியவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கால் நனைத்தால் போதும்.

தனியாகச் சுற்றினால் மனசு வெறுமையாகிவிடாதா?

ஆகும். பெரும்பாலும் சாயங்காலம், பெரும்பாலும் கடற்கரையில். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகச் சுண்டல் சாப்பிடும்போது நமக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். அது தப்பில்லை, அதற்காகத் திரும்பி ஓட வேண்டியதும் இல்லை. அந்த நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் சாயரட்சை, சபாவில் ஒரு கச்சேரி, அல்லது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்த அந்த நூலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். தமிழ் நூல்கள் இருக்கும் தளத்தில் ஜன்னலோர மேஜை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள், நம்மைப் போலவே ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள். ஒருவரோடும் பேசாவிட்டாலும் அங்கே தனிமை தெரியாது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு அந்த நூலகம் ஒரு முக்கியக் காரணம்.

ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது, சாயங்காலம் ரயில். என்ன செய்யலாம்?

பெட்டியைப் பூட்டி, எழும்பூர் ஸ்டேஷனில் பொருள் வைக்கும் அறையில் கொடுத்துவிடுங்கள்; ரயில் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள், பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். காலையில் மியூசியம், நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் மயிலாப்பூர். மதியச் சாப்பாடு முடித்து எலக்ட்ரிக் ட்ரெயினில் கோட்டை ஸ்டேஷன் இறங்கிப் பாரிமுனையில் இரண்டு தெரு மட்டும் பாருங்கள். தி.நகர் வேண்டாம், அங்கே நுழைந்தால் நேரம் போவது தெரியாது. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே எழும்பூருக்குத் திரும்பிவிடுங்கள், பெட்டியை வாங்கும் வரிசை மாலையில் நீளமாக இருக்கும்.